ஒரு புள்ளிக் கேள்வியும் முந்நூறு பேரின் சோறும்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் பாய் விரித்து ஏழெட்டுப் பிள்ளைகள் உட்காருவார்கள். மலேசியாவின் நெகிரி செம்பிலானில், ரந்தாவுக்கும் போர்ட்டிக்சனுக்கும் நடுவில் இருக்கிறது இந்தத் தோட்டம். பால்மரம் போய்ச் செம்பனை வந்து நாளாகிவிட்டது. தொழிலாளர் லயங்களில் பாதி பூட்டிக் கிடக்கின்றன. மிச்சமிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளில் இருவர் தாதியர் பயிற்சியில் இருக்கிறார்கள். ஒரு பெண் பல்கலைக்கழகத்தில் உளவியல் இரண்டாம் ஆண்டு. மற்றவர்கள் ஐந்தாம் படிவம், எஸ்பிஎம் எழுதப் போகிறவர்கள். நான் பணி ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியை. அவர்கள் கொண்டுவரும் பயிற்சிக் கேள்விகளை ஒன்றாக உட்கார்ந்து தீர்ப்போம். உடலியல் கேள்விகள் ஒரு கட்டு, உளவியல் கேள்விகள் ஒரு கட்டு.

சில மாதங்களுக்கு முன் ஒரு கேள்வி வந்தது. வைட்டமின் பி1 குறைந்தால் வரும் நோய் எது? ஸ்கர்வி, பெரிபெரி, ரிக்கெட்ஸ், இரத்தசோகை என்று நான்கு விடைகள். படித்து முடிக்கும் முன்பே எல்லாரும் பெரிபெரியில் வட்டம் போட்டுவிட்டார்கள். ஒரு புள்ளி. பக்கத்தைத் திருப்பப் போகும்போது ஐந்தாம் படிவப் பையன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், இந்த நோவு இப்ப யாருக்காவது வருதா? வரலைன்னா எதுக்குப் படிக்கணும்?"

அவனுக்குச் சட்டென்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முப்பது ஆண்டுக்கு மேல் பெரிபெரியைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். அந்த நோயின் காரணத்தை உலகம் கண்டுபிடித்ததில் பாதிக் கதை இதே நெகிரி செம்பிலானில் நடந்தது என்பதையும், அதில் தமிழர் லயத்துச் சோற்றுப் பானைக்குப் பங்கு உண்டு என்பதையும் ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை. பாடநூலில் அது இல்லை. கேள்வித்தாளில் வராது. அதனால் சொல்லவில்லை. அது என் தவறு என்றே நினைக்கிறேன். அடுத்த சனிக்கிழமை கேள்விக் கட்டை ஓரமாக வைத்துவிட்டு அந்தக் கதையைச் சொன்னேன். இங்கே எழுதுவதும் அதைத்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மலாய் மாநிலங்களின் மருத்துவமனைகளை நிரப்பிய நோய்களில் பெரிபெரி முன்வரிசையில் நின்றது. ஈயச் சுரங்கங்களான லம்பங்களில் வேலை செய்த சீனர்கள் கூட்டங்கூட்டமாக அதில் விழுந்தார்கள். முதலில் கால் மரத்துப்போகும். பிறகு பாதம் தொங்கும், நடை தள்ளாடும். சிலருக்குக் கால் முதல் வயிறு வரை நீர் கோத்துக்கொள்ளும். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஆள் திடீரென்று மூச்சுத் திணறி, இதயம் நின்று இறப்பார். பெரிபெரி என்பது 'முடியாது, முடியாது' என்று பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து வந்தது என்று பரவலாகச் சொல்வார்கள். உட்கார்ந்தவர் கையை ஊன்றாமல் எழ முடியாமல் தவிப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரில் ஐயம் வராது.

மண்டபத்தில் தாதியர் பயிற்சிப் பெண்ணை எழுந்து நிற்கச் சொன்னேன். முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து ஐந்து விநாடி அழுத்தி எடுத்தோம். தோல் உடனே பழையபடி வந்துவிட்டது. நீர் கோத்த காலில் அந்த இடம் குழியாகவே நிற்கும்; பிசைந்த மாவில் விரல் பதித்ததைப் போல. பிறகு எல்லாரையும் குந்த வைத்து, கையை ஊன்றாமல் எழச் சொன்னேன். சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். சந்தேகம் வந்தால் இந்தக் குந்தி எழும் சோதனைதான் அந்தக் காலத்தில் கருவி. எந்திரம் ஒன்றும் தேவையில்லை.

அப்போது சிரம்பானில் நெகிரி செம்பிலானின் அரசு மருத்துவ அதிகாரியாக இருந்தவர் வில்லியம் லியோனார்ட் பிராடன். நோய்கள் எல்லாம் கிருமியால் வருகின்றன என்று மருத்துவ உலகம் நம்பத் தொடங்கியிருந்த காலம் அது. பெரிபெரிக்கும் ஒரு கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மண்ணில் இருக்கிறது, வீட்டுச் சுவரில் இருக்கிறது என்றார்கள். பிராடன் வேறொரு கேள்வி கேட்டார். ஒரே ஊர், ஒரே தண்ணீர், ஒரே வெயில். சீனருக்கு வருகிறது. பக்கத்துக் கம்போங் மலாய்க்காரருக்கு அவ்வளவாக வருவதில்லை. தோட்டத்துத் தமிழருக்கும் வருவதில்லை. இவர்களுக்குள் என்ன வேறுபாடு?

அவர் கண்ட வேறுபாடு அரிசியில் இருந்தது. லம்பத்துக் கொட்டகையில் வேகவைத்தது சியாமிலிருந்து வந்த வெள்ளை அரிசி. நீராவி ஆலையில் தீட்டி, மூட்டை கட்டி, மாதக்கணக்கில் கிடங்கில் கிடந்தது. மலாய்க்காரர் தம் வயல் நெல்லை அன்றாடம் வேண்டிய அளவு குத்திச் சமைத்தார்கள். தமிழருக்குத் தோட்ட நிர்வாகம் அளந்து கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த புழுங்கலரிசி. 1901-இல் இதை எழுதத் தொடங்கிய பிராடன், 1907-இல் பெரிபெரியின் காரணமும் தடுப்பும் பற்றி ஒரு பெரிய நூலே வெளியிட்டார். கவனிக்க வேண்டியது, அவர் சொன்ன காரணம் தவறு. வெள்ளை அரிசி கிடங்கில் கெட்டு ஏதோ நஞ்சு உண்டாகிறது என்று அவர் நினைத்தார். குற்றவாளி அரிசி என்பது சரி. குற்றம் இன்னதென்பதில் பிழை. பிள்ளைகளுக்கு இந்த இடம் மிகவும் பிடித்திருந்தது. பாதி சரியாகச் சொன்னவருக்குப் பாடநூலில் இடமில்லையா என்று கேட்டார்கள்.

புழுங்கல் எப்படிக் காத்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நெல்லை ஊறவைத்து, அண்டாவில் அவித்து, களத்தில் காயப்போட்டு, அதன் பிறகுதான் குத்துவார்கள். பி1 எனும் தயமின் நெல்லின் தவிட்டிலும் முளையிலும்தான் பெரும்பாலும் இருக்கிறது. அது நீரில் கரையும். அவிக்கும்போது நீரும் சூடும் அதைத் தவிட்டிலிருந்து அரிசியின் உள்ளே தள்ளிவிடுகின்றன. உள்ளிருக்கும் மாவுப்பொருள் வெந்து கெட்டிப்பட்டு அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிறகு ஆலையில் எவ்வளவு தீட்டினாலும் போவது தவிடுதான். உள்ளே போன சத்தில் பெரும்பகுதி தங்கிவிடும். பச்சரிசியைத் தீட்டினால் தவிட்டோடு சத்தும் போய்விடும். அதையும் மூன்று தண்ணீர் களைந்து, கஞ்சியை வடித்துக் கொட்டினால் மிச்சமும் போகும்.

நம் முன்னோர் வைட்டமினை அறிந்து நெல் அவித்தார்கள் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவித்த நெல் குத்தும்போது நொறுங்காது, எளிதில் பூச்சி அரிக்காது, உமி லேசாகக் கழலும். அதற்காகத்தான் அவித்தார்கள். பயன் தெரியாமலே நல்லது நடந்திருக்கிறது. அதை அப்படியே சொல்வதில் நமக்குக் குறைவு ஒன்றுமில்லை. என் பாட்டி சாக்கைப் பிரித்ததும் எழும் அந்தப் புழுங்கல் வாடை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. சின்ன வயதில் பிடிக்காது. பட்டணத்து வீடுகளில் பூப்போல வெள்ளைச் சோறு போடுவார்கள், நம் வீட்டில் மட்டும் பழுப்புச் சோறு என்று அழுதிருக்கிறேன்.

பிராடன் சொன்னதைக் கோலாலம்பூரில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் சோதித்தார். இடம், அங்கிருந்த மனநோயாளர் காப்பகம். 1905 டிசம்பரில் சாப்பாட்டுக் கொட்டகையில் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண் கொடுத்தார். ஒற்றைப்படை எண்காரர்கள் முற்றத்தின் கிழக்குக் கட்டடத்துக்கு. அவர்களுக்குச் சியாம் வெள்ளை அரிசி. இரட்டைப்படைக்காரர்கள் மேற்குக் கட்டடத்துக்கு. அவர்களுக்கு இந்தியப் புழுங்கல். மற்றபடி ஒரே சாப்பாடு. ஆண்டின் நடுவில், நோய் கட்டடத்தில் இருக்கிறதோ என்ற ஐயம் தீர இரண்டு கூட்டத்தையும் இடம் மாற்றினார். அரிசி ஆளோடு போனது. நோயும் அரிசியோடு போனது. ஓராண்டு முடிவில் வெள்ளை அரிசி தின்றவர்களில் 18 பேர் பெரிபெரியில் இறந்திருந்தார்கள். புழுங்கல் தின்றவர்களில் ஒருவரும் அந்த நோயில் சாகவில்லை. 1907-இல் லான்செட் இதழில் இது வெளிவந்தது.

சோதனை எப்படி அமைப்பது என்று உளவியல் மாணவிக்கு முதலாண்டிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள்: ஒப்பீட்டுக் குழு, மாறாமல் வைக்க வேண்டியவை, மாற்றிப் பார்க்க வேண்டியது ஒன்று. அவளுடைய பாடக் குறிப்பில் எல்லா எடுத்துக்காட்டும் அமெரிக்கப் பல்கலைக்கழகத்து மாணவர்களைப் பற்றியவை. இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் நடந்த சோதனை அதில் ஒன்றுகூட இல்லை.

இனி ஜெலெபு. கோலாலம்பூரில் 1900-இல் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஹென்றி ஃபிரேசரும் அம்புரோஸ் தாமஸ் ஸ்டாண்டனும் 1907-இல் நெகிரி செம்பிலானின் ஜெலெபு மாவட்டத்தில் துரியான் திப்புஸ் என்ற இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றைக்கு அது ஆள் புழங்காத காடு. அங்கே சாலை போட ஜாவாவிலிருந்து வந்த கூலிகள் 300 பேர் இருந்தார்கள். பழைய கட்டடம் இல்லை, பழைய நோயாளி இல்லை. கிருமி ஒளிந்திருக்க இடமே இல்லாத ஊர் என்பதால்தான் அந்தத் தேர்வு. இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒன்றுக்கு வெள்ளை அரிசி, ஒன்றுக்குப் புழுங்கல். மூன்று மாதம் ஆகும்போது வெள்ளை அரிசிக் கூட்டத்தில் பெரிபெரி தலைகாட்டியது. புழுங்கல் கூட்டத்தில் இல்லை. அரிசியை மாற்றிக் கொடுத்தார்கள். இந்தப் பக்கம் நோய் நின்றது. அதுவரை நன்றாக இருந்த அந்தப் பக்கம் நோய் வந்தது.

அதோடு அவர்கள் நிற்கவில்லை. தீட்டும்போது கழியும் பொருளில் என்ன இருக்கிறது என்று தேடினார்கள். என்னவென்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அரிசியில் பாஸ்பரஸ் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்தால், அந்த அரிசி ஆபத்தானதா இல்லையா என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று வழி காட்டினார்கள். பாஸ்பரஸ் மருந்தல்ல, காணாமல் போன பொருள் போன வழியைக் காட்டும் தடம். 1910-இல் மணிலாவில் கூடிய வெப்பமண்டல மருத்துவர்களின் மாநாடு, வெள்ளை அரிசியையே தொடர்ந்து தின்பதோடு பெரிபெரிக்குத் தொடர்பு உண்டு என்று தீர்மானம் போட்டது.

மற்ற ஊர்களில் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஜப்பான் கடற்படையில் தக்காகி என்ற மருத்துவர் 1880-களிலேயே உணவை மாற்றி நோயை விரட்டினார். பத்தாவியாவில் ஐக்மான் என்ற மருத்துவர் வளர்த்த கோழிகள் மருத்துவமனையின் மீந்த வெள்ளைச் சோற்றைத் தின்று கால் தள்ளாடின. புதிதாக வந்த சமையல்காரர், இராணுவச் சோற்றைச் சாதாரணக் கோழிக்குப் போடுவதா என்று மறுத்துவிட்டார். தீட்டாத அரிசி கிடைத்ததும் கோழிகள் தேறிவிட்டன. அந்தக் கோழிக் கூண்டில் தொடங்கிய வழிக்காக 1929-இல் ஐக்மானுக்கு நோபல் கிடைத்தது. வைட்டமின் என்ற பெயருக்கு வழிவகுத்த சொல்லை 1912-இல் ஃபங்க் வைத்தார். 1926-இல் ஜாவாவில் யான்சனும் டோனத்தும் அந்தப் பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். 1936-இல் அதைச் செயற்கையாக உருவாக்கிய இராபர்ட் வில்லியம்ஸ், பழைய சென்னை மாகாணத்தின் நெல்லூரில் பிறந்தவர். நெல்லூரில் பிறந்தவர் நெல்லின் தவிட்டில் இருந்ததைக் கண்டுகொண்டார் என்றதும் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

ஒரு புள்ளிக் கேள்விக்குள் இவ்வளவும் இருக்கிறது. கேள்வியைக் கேட்கிற விதத்தில் இவ்வளவும் அடைபட்டுப் போகிறது. என் குறை இதுதான். பெயரைக் கேட்டால் பெயர் வரும். 'இது அரிசியால்தான் வருகிறது என்று எப்படி நிரூபிப்பாய்?' என்று கேட்டால் பையன் யோசிப்பான். கூட்டத்தை எப்படிப் பிரிப்பது, எத்தனை நாள் காத்திருப்பது, கட்டடமா அரிசியா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று அவனே போடுவான். எங்கள் மண்டபத்தில் போட்டார்கள். வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்கிறவன் என்று பேர் வாங்கிய பையன்தான் முதலில் சொன்னான்: "பாதியில ரெண்டு கூட்டத்தையும் இடம் மாத்தணும் டீச்சர்." பிளெட்சர் செய்தது அதுதான் என்று அவனுக்கு அப்போது தெரியாது.

தோட்டத்துப் பிள்ளைகள் அறிவியல் என்றால் வேறெங்கோ, வேறு யாரோ செய்து முடித்துவிட்டது, நாம் மனப்பாடம் செய்ய வேண்டியது என்ற எண்ணத்தோடு வளர்கிறார்கள். அதை அவர்கள் தலையில் ஏற்றியது நாம் கேட்கும் கேள்விகள்தான். தமிழ்ப்பள்ளியில் தமிழில் படித்த அறிவியலை இடைநிலைப்பள்ளியில் மலாயிலும் கல்லூரியில் ஆங்கிலத்திலும் தூக்கிக்கொண்டு போகிற பிள்ளைக்கு, ஒவ்வொரு முறையும் கையில் மிஞ்சுவது ஒற்றைச் சொல் விடைதான். காரணத்தை யோசித்துப் பழகியிருந்தால் மொழி மாறினாலும் அது கூடவே போகும்.

உடலியலைச் சொன்னேன். உளவியலுக்கும் இதே வைட்டமின்தான் வாசல்.

தயமின் உடலில் செய்யும் வேலை, சோற்றிலிருந்து வரும் சர்க்கரையை எரித்துச் சக்தியாக்கும் இடத்தில் சாவியாக இருப்பது. சாவி இல்லையென்றால் சர்க்கரை பாதி எரிந்து அமிலமாகத் தேங்கும். ஓயாமல் எரிக்கிற உறுப்புகள்தான் முதலில் அடிபடும்: இதயம், நரம்பு, மூளை. உடல் எடையில் இரண்டு விழுக்காடு இருக்கும் மூளை, உடலின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. உடலில் சேமிப்பாக இருக்கும் தயமினோ முப்பது மில்லிகிராம் அளவுதான். வரத்து நின்றால் சில வாரங்களில் கரைந்துவிடும்.

1881-இல் வெர்னிக்கி என்ற ஜெர்மானிய மருத்துவர் மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார். கண் அசைவு தடுமாறி, நடை தள்ளாடி, புத்தி குழம்பியவர்கள். இருவர் குடிகாரர்கள். மூன்றாவது, அமிலம் குடித்து வயிறு கெட்டுத் தின்றதெல்லாம் வாந்தியான ஓர் இளம்பெண். அவளுக்குக் குடி இல்லை. ஆனாலும் அதே நோய். ஆறு ஆண்டு கழித்து இரஷ்யாவில் கோர்சகோஃப் அதன் மறுபாதியைச் சொன்னார்: பழைய நினைவு ஓரளவு இருக்கும், இன்றைய நிகழ்ச்சி ஒன்றும் தங்காது, அந்த ஓட்டையை மூளை தானாகவே கதையால் அடைத்துக்கொள்ளும். சொல்கிறவருக்கு அது பொய் என்று தெரியாது. அவருக்கு அது நடந்தது.

எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் ஒரு தாத்தா இருந்தார். பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். சம்சு சாராயம் குடித்துக் குடித்துச் சோறே இறங்காமல் போனவர். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து போவோர் வருவோரைக் கூப்பிடுவார். நேற்றுத்தான் பத்தாங் பெனார் போய் மகள் வீட்டில் கறிச்சோறு சாப்பிட்டு வந்தேன் என்பார். கால் தள்ளாடி வாசல் தாண்ட முடியாதவர் அவர். மறுநாள் கேட்டால் நேற்றுச் சிரம்பானில் துரையைப் பார்த்தேன் என்பார். பையன்கள் 'புளுகுத் தாத்தா' என்று பேர் வைத்தார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். வேண்டுமென்றே போய், நேத்து எங்க தாத்தா போனீங்க என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு ஓடிவருவோம். அவர் மனைவி ஒரு நாள் விளக்குமாற்றோடு வெளியே வந்து, "அவருக்கு நெஜமாவே அப்புடித்தான் தோணுது, போங்கடி" என்று அழுதாள். எந்தப் பாடமும் படிக்காத அந்தப் பாட்டிதான் சரியாகக் கண்டுபிடித்தவள். ஒரு மருத்துவமனைக்கு அவரைக் கொண்டுபோனார்கள். குடிகாரர், வயதும் ஆகிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவருக்கு வந்தது இதுதான் என்று இன்று நான் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் எல்லா அடையாளமும் அந்தத் திண்ணையில் இருந்தன. குடி, தயமினைக் குடல் உறிஞ்சுவதைக் கெடுக்கிறது. சோற்றையும் ஒதுக்க வைக்கிறது. அந்தக் காலத்தில் தோட்டங்களில் சம்சு எப்படிப் பாய்ந்தது என்று நம்மில் வயதானவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் ஆண்டுக்கணக்கில் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தது. காலத்தோடு கவனித்தால் ஊசியில் ஏற்றக்கூடிய, விலை குறைந்த மருந்து தயமின். குழப்பத்தோடு வரும் குடிநோயாளிக்குத் தயமினுக்கு முன் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை மேலும் கெடலாம் என்று எங்கள் தாதியர் பிள்ளைகள் பாடத்தில் படித்திருந்தார்கள். அதற்கும் கரும்பலகைப் பெரிபெரிக்கும் உறவு உண்டு என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

'இந்த நோவு இப்ப யாருக்காவது வருதா' என்று கேட்ட பையனுக்கு இதுவே என் பதில். வருகிறது, வேறு பெயரில். குடியில் விழுந்தவருக்கு, நாட்கணக்கில் வாந்தி எடுக்கும் கர்ப்பிணிக்கு, தின்ன முடியாத நோயாளிக்கு.

உளவியல் மாணவி ஒரு செய்தியைத் தேடி எடுத்துவந்தாள். 1940-ஐ ஒட்டி அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் பெண்கள் சிலருக்குத் தயமின் குறைந்த உணவு கொடுத்துப் பார்த்தார்கள். கால் மரத்துப்போவதற்கு வெகுமுன்பே அவர்கள் எரிந்து விழுந்தார்கள், சோர்ந்தார்கள், ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டார்கள், வேலையில் மனம் ஒட்டவில்லை. குணம் என்று நாம் நினைப்பதில் எவ்வளவு தட்டில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. ஆனால் அவள் கவனித்தது இன்னொன்றை. அந்தப் பெண்களும் ஒரு மனநல மருத்துவமனையின் நோயாளிகள்.

கோலாலம்பூரில் காப்பகத்து நோயாளிகள். ஜெலெபுவில் ஒப்பந்தக் கூலிகள். அமெரிக்காவில் மறுபடியும் மனநோயாளிகள். மாட்டேன் என்று சொல்ல வழியில்லாதவர்களின் தட்டில்தான் ஒவ்வொரு முறையும் கேள்வி வைக்கப்பட்டிருக்கிறது. ஆராய்ச்சிக்கு ஆளாகிறவரின் சம்மதம் வேண்டும் என்று 1947-இல் நியூரம்பெர்க் நெறியும் 1964-இல் ஹெல்சிங்கி அறிவிப்பும் வந்தது இதற்கெல்லாம் பிறகு. பிளெட்சரையும் ஃபிரேசரையும் கொடியவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் சோதனையால் பிழைத்தவர்கள் எண்ணற்றோர். ஆனால் புழுங்கல் கூட்டத்தில் நன்றாக இருந்தவர்களுக்கு அரிசியை மாற்றிக் கொடுத்த நாளில், அதில் நோய் இருக்கலாம் என்று கொடுத்தவருக்குத் தெரியும். ஆராய்ந்தவர்களின் பெயர் நூல்களில் இருக்கிறது. சாலை போட்ட 300 பேர் வெறும் எண்ணிக்கை. இதைச் சொல்லாமல் அந்தச் சோதனையின் பெருமையை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தமிழரைப் புழுங்கல் காத்தது என்றேன். பெரிபெரியிலிருந்து மட்டும்தான் காத்தது. அதே ஆண்டுகளில் மலேரியா லயம் லயமாகக் கொண்டுபோனது. சிலாங்கூரின் கிள்ளானில் மால்கம் வாட்சன் 1901 முதல் சதுப்பை வடித்துக் கொசுவை விரட்டிய முறை, மலைச்சாரலில் அப்படியே பலிக்கவில்லை. வெயில் படும் ஓடைகளில் வளர்வது வேறு வகைக் கொசு. காட்டை வெட்டித் தோட்டம் போடப் போட அந்தக் கொசுதான் பெருகியது. பிறகு 1942-இல் ஜப்பானியர் வந்தார்கள். அரிசி போனது, மரவள்ளிக்கிழங்கு வந்தது. தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்களை வாந்திபேதியும் சீதபேதியும் ஆறாத புண்ணும் கொன்றன. அங்கே போட்ட வெள்ளைச் சோற்றோடு பெரிபெரியும் சேர்ந்துகொண்டது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பே விடை கண்டாகிவிட்ட நோயில் அவர்கள் செத்தார்கள். அந்தப் பாதைக்குப் போய் மீளாத ஒருவராவது எங்கள் வட்டாரத்துப் பழைய குடும்பங்களில் இருப்பார்.

இன்றைக்குக் கேட்க வேண்டிய கேள்வியும் அதே தட்டில்தான் இருக்கிறது. 2019-இன் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நாட்டின் மொத்த அளவு 18.3. ஒரே ஊர், ஒரே தண்ணீர், ஒரே வெயில். நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு? பரம்பரை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அது காரணங்களில் ஒன்று, சரி. ஆனால் பால்மரம் வெட்ட விடியலில் எழுந்து மைல்கணக்கில் நடந்த உடல், தாமான் குடியிருப்பு வீட்டில் உட்கார்ந்த வேலைக்கு மாறியிருக்கிறது. புழுங்கல் இருந்த பானையில் வாசனை வெள்ளை அரிசி வந்திருக்கிறது. தேநீரில் விடும் கெட்டிப்பால் மட்டும் மாறவில்லை. இதில் எது எவ்வளவு என்று பிராடனைப் போல லயத்தையும் தாமானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க நம் பிள்ளைகளைவிடப் பொருத்தமானவர்கள் யார்? வீடு வீடாகப் போய்ப் பாட்டியிடம் தமிழில் பேசி, என்ன சமைச்சீங்க என்று கேட்க முடிந்தவர்கள் அவர்கள்தான்.

பள்ளிகளிலும் தோட்டங்களிலும் மாலை வகுப்பு நடத்தும் ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. உடலியலோ உளவியலோ, மாதிரிக் கேள்விகள் பத்துப் போட்டால் அதில் ஒன்றை விடையில்லாமல் போடுங்கள். 'எப்படித் தெரிந்துகொள்வாய்' என்று முடியட்டும். ஜெலெபு சோதனையை ஒரு பக்கக் கதையாகச் சொல்லுங்கள். தமிழ்ப்பள்ளியின் ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கே அது புரியும். எங்கள் மண்டபத்தில் அக்காவோடு வந்து உட்காரும் பத்து வயதுச் சிறுமிக்குப் புரிந்தது. முடிந்தால் பிள்ளைகளைத் துரியான் திப்புஸ் பக்கம் ஒரு முறை கூட்டிப் போங்கள். அங்கே பார்க்க ஒன்றும் இருக்க வேண்டியதில்லை. இந்த வட்டாரத்தில்தான் நடந்தது என்று நின்று பார்த்தால் போதும்.

போன சனிக்கிழமை, முதலில் கேள்வி கேட்ட அந்த ஐந்தாம் படிவப் பையன் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தான். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தான். முதல் பத்தியில் லயத்து வீட்டு எண்கள். இரண்டாவதில் என்ன அரிசி. மூன்றாவதில் கஞ்சியை வடிக்கிறார்களா, குக்கரில் வைக்கிறார்களா. நான்காவதில் வீட்டில் இனிப்பு நீர் உள்ளவர் உண்டா. மேலே, கேட்பதற்கு முன் சொல்ல வேண்டியது என்று ஒரு வரி எழுதியிருந்தான்: 'விருப்பம் இல்லைன்னா சொல்ல வேணாம் பாட்டி.' மூன்றாம் எண் வீடு வரை நிரப்பியிருக்கிறான். நான்காம் எண் வீட்டில் அன்றைக்குப் பூட்டு.